பட்டாவும் சர்க்கார் உதவித் தொகையும்

சங்க அங்கத்தினர்களே,

பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுவோர்க்கும், அரியலூர்ப் பக்கத்தில் முந்திரியும் நெல்லும் விளைவிப்போர்க்கும் ‘பிரதம மந்திரி கிஸான்’ உதவித் தொகை புதியதன்று. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் வருஷத்திற்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாகப் பாங்குக் கணக்கிலேயே நேராகச் சேர்கின்றது. தரகருக்கு இதில் இடமில்லை என்றே யாவரும் எண்ணினோம்.

ஆயினும் 2020-இல் நிகழ்ந்தது யாது? பதிவு முறையின் தளர்ச்சியால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டனர். 110 கோடி ரூபாய் அவர்பால் சென்றது. அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சியிலும் இம்மோசடி வெளிப்பட்டது. கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்க நேர்ந்தது.

அது நிற்க. உழுதும் பெறாதவர் நிலைமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. இத்தொகை பட்டாவைப் பார்த்து வருகின்றதேயன்றிக் கலப்பையைப் பார்த்து வருவதன்று. பாட்டனார் பெயரில் பட்டா கிடக்க, உழும் பேரனுக்குத் தம்பிடியும் கிட்டாது. 1-2-2019 அன்று நிலம் எவர் பெயரில் இருந்ததோ அவரே பாத்தியர். அதன்பின் உடையவர் இறந்து வாரிசுக்கு மாறிய நிலத்திற்கு மட்டுமே விலக்கு உண்டு. குத்தகைக்கு உழுவோர்க்கோ அறவே இடமில்லை. அதனைத் திட்டத்தின் பெருங்குறையென்று சொல்ல நான் தயங்கேன்.

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தத்தம் பட்டா நகலைக் கொணர்க. இறந்தவர் பெயரிலேயே நிற்பவை எத்தனை என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். பிறகு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்து, பெயர் மாற்ற மனுக்களை இங்கேயே எழுதத் தொடங்குவோம்.