வீட்டுக் கல்வியும் சட்டமும்

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் ஒரு தாய், தம் குழந்தைக்கு வீட்டிலேயே வித்தை போதிக்கலாகுமா என்று வினவுவாராயின், அவர் முதலில் அறியத்தக்கது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டமேயாகும். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமையென்று அதன் 10-ஆம் பிரிவு விதிக்கிறது. எனினும், தவறினவர்க்கு இன்ன தண்டனையென்று அச்சட்டம் எங்குமே கூறவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவுமில்லை, அங்கீகரிக்கவுமில்லை.

ஆகவே, வீட்டில் கற்ற பிள்ளைக்குப் பரீட்சையே பிரதானமாகிறது. 14 வயது நிறைந்தவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அங்கே தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மகாராஷ்டிர மாநில வாரியத்தின் தேர்வைத் தனித்தேர்வராக எழுத விரும்புவோர்க்கு, 17-ஆம் எண் படிவம் என்றொரு மார்க்கம் உண்டு.

ஆனால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமியின் நிலையை வீட்டுக் கல்வியென்று அழைப்பது பெரும் அநீதி. இடையிலே படிப்பை இழந்த அத்தகைய குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சக மாணவருக்குச் சமமாக முன்னேற விசேஷப் பயிற்சியும் அளிக்கவேண்டுமென்பது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பள்ளியும் அவளைத் திருப்பியனுப்பலாகாதென்பது 14-ஆம் பிரிவு.