கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதுமா?

(நம் கிளப் ஹவுஸ் ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

டீ வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் ஆரம்பித்துவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு காலை வேளை. பேஸ்மென்ட்டிலிருந்து ரேம்ப்பில் ஏறிக்கொண்டிருந்தேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால், ஸ்கூல் வேனுக்குக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நடந்து வருகிறார். பிரேக்கை அழுத்தி ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கியது, இன்னும் நினைவிருக்கிறது.

நான் முப்பது வருஷம் பஸ், லாரி பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முட்டி போய், ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். இங்கே பாதிப் பேர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிய கதையும் முட்டிக் கதைதான், இல்லாவிட்டால் டிராஃபிக் கதை. ஒவ்வொரு சர்வீஸிலும், “கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டாமா?” என்று கேட்பேன். “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்” என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். 82,000 கிலோமீட்டரில் ரேம்ப்பில் நின்றேன். பெட்டியைப் பிரித்தபோது கிளட்ச் தகடுகள் கருகியிருந்தன. ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில், அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி நாறியது. பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அவர்கள் சொன்னது ஒரு தப்பு என்றால், கார் கூடவே கொடுத்த கையேட்டைப் பிரித்துப் பார்க்காதது என் தப்பு.

பிறகு பிரித்துப் பார்த்தேன். பராமரிப்பு அட்டவணை இரண்டாக இருந்தது. ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு. இன்னொன்று ‘கடுமையான பயன்பாடு’: நின்று நின்று ஓடும் நெரிசல், கடும் வெயில், சின்னச் சின்ன தூரம், மலைப்பாதை, இழுவை. முதல் அட்டவணையில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு மாற்றமே போடவில்லை. இரண்டாவதில் போட்டிருந்தது. இப்போது சொல்லுங்கள், நம்மில் யாருடைய கார் அந்த முதல் அட்டவணையில் ஓடுகிறது? மத்திய கைலாஷ் சிக்னலில் ‘டி’யில் போட்டு பிரேக்கை மிதித்தபடி நிற்கிறோமே, அப்போதும் உள்ளே ஆயில் கலக்கப்பட்டுச் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்டர் கிலோமீட்டரை எண்ணும், நின்ற நேரத்தை எண்ணாது.

மேனுவல் காரில் கியர் ஆயிலுக்கு வேலை பெரும்பாலும் வழுக்கிக் கொடுப்பதுதான். டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் வேலையாளே. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? இன்ஜின் சக்தி சக்கரத்துக்குப் போவது ஏறக்குறைய அப்படித்தான், காற்றுக்குப் பதில் ஆயில். அதே ஆயில்தான் அழுத்தமாக மாறி கிளட்ச் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, சூட்டை வாங்கிக் கூலருக்குக் கொண்டுபோகிறது. பல்சக்கரத்தில் வழுக்க வேண்டும், கிளட்ச்சில் வழுக்கக் கூடாது. இந்த இரட்டை வேஷத்துக்காக அதில் பல ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெயே சேர்த்தார்கள். அந்த ரசாயனங்கள் சூட்டில் தேயும். தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் சூடு கூடும், சூடு ஆயிலை இன்னும் கெடுக்கும். ரேம்ப்பில் எனக்கு நடந்தது அந்தச் சுற்றின் கடைசிக் கட்டம்.

எப்போது மாற்றுவது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் காரில் இருப்பது எந்தப் பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு ஜாதி ஓடுகிறது. டார்க் கன்வெர்ட்டர் பற்றிச் சொல்லிவிட்டேன். ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை இயக்குகிறது. பெட்டிக்குள் சாதாரண கியர் ஆயில். அந்தக் கை எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதாக இருந்தால் அதற்கென்று தனி ஆயில் சின்ன டப்பாவில் இருக்கும். சி.வி.டி.யில் பல்சக்கர வரிசைக்குப் பதில் இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு எஃகு பெல்ட்டும். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச். அதில் ஆயிலில் நனைந்த கிளட்ச் என்றால் ஆயில் மாற்றம் மிக முக்கியம். உலர் கிளட்ச் என்றால் கிளட்ச்சைக் குளிர்விக்க ஆயிலே கிடையாது, நெரிசலில் ஊர்ந்தால் நேராகக் கிளட்ச்தான் தேயும்.

கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முதல் விதி. ஒன்றுமே போடவில்லை, ‘லைஃப்டைம்’ என்றுதான் இருக்கிறது என்றால், நம் ஊர் ஓட்டத்துக்கு என் கணக்கு இது: டார்க் கன்வெர்ட்டருக்கு 60,000 கிலோமீட்டர், சி.வி.டி.க்கு 40,000. இது என் அபிப்பிராயம், சட்டம் இல்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸிலேயே செய்து பில் வாங்கி வையுங்கள்.

எந்த ஆயில் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டொயோட்டாவில் டபிள்யூ.எஸ். என்பார்கள், ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி.-4, ஹோண்டா சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்.-2. இவை கடைக்காரர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் பெயர்கள் இல்லை. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் கப்பியில் பிடிக்காமல் வழுக்கிப் பெட்டியே போய்விடும். “எல்லா வண்டிக்கும் போடலாம் சார்” என்று ஒரு டப்பாவைக் காட்டினால், அதன் பின்பக்கத்தில் உங்கள் கையேட்டில் உள்ள அதே குறியீடு இருக்கிறதா என்று படியுங்கள். சீல் பிரிப்பதை நின்று பாருங்கள்.

அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் இறங்காது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலரிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். அதனால் இறக்கி, ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி இறக்கி ஊற்றுவது நல்ல வழி. இரண்டு மூன்று தடவையில் பெரும்பகுதி புதிதாகிவிடும். மெஷின் வைத்து முழுவதும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். ஒழுங்காக மாற்றி வந்த பெட்டிக்குச் சரி, லட்சம் கிலோமீட்டர் தொடாத பெட்டிக்கு நான் விடமாட்டேன். சேம்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் கதை வேறு. ஃபில்டர் மாற்றக்கூடிய வகை என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

அளவு பார்ப்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். பல புதிய கார்களில் ஆயில் அளவுக் குச்சியே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜினை ஓடவிட்டு, அளவுத் துளையில் வழிவதைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். மதிய வெயிலில் ஓட்டிக்கொண்டுபோய் உடனே அளந்தால் சூட்டில் விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்துபோய், ஆறியபின் குறைவாக நிற்கும். அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். ஸ்கேனரில் ஆயில் சூடு எத்தனை டிகிரி என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

“பழைய ஆயிலை மாற்றினால்தான் கியர்பாக்ஸ் போகும்” என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் வழுக்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் மாற்றுகிறார்கள், தேய்ந்த கிளட்ச் அதற்கு மேல் தாங்குவதில்லை, பழி புது ஆயில் மேல். ‘ஆர்’ போட்டால் ஒரு நொடி தாமதித்துப் பிடிப்பது, கியர் மாறும்போது குலுங்குவது, வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் கத்துவது, இவற்றில் ஏதாவது தென்பட்டால் ஆயிலை மட்டும் மாற்றித் திருப்திப்படாமல் பெட்டியையே சோதிக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலம் வருகிறது, அதனால் இதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நமக்கு மறக்காது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கியர்பாக்ஸ் மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாக உள்ளேயும் தண்ணீர் போயிருக்கலாம். ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி கலங்கியிருந்தால் அதுதான் அடையாளம். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது, சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே காய்ந்து உரசும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, இதை நம் பார்க்கிங்கில் யாரும் செய்ய வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு, மழைநீர் வடிகாலில் ஊற்றினால் நம் கிணற்றுக்கே வரும். ஒர்க்‌ஷாப்பில்தான் அதைச் சேகரித்துக் கொடுக்க வழி இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கேயே இருப்பேன். உங்கள் காரின் கையேட்டைக் கொண்டு வாருங்கள், அந்த இரண்டாவது அட்டவணையைச் சேர்ந்து தேடிப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கையேடு இல்லாதவர்கள் காரின் மாடலையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.