நிழல் விழும்போது



ஓடுடைய கணுக்காலிகளின் பார்வை நரம்புகளைப் பற்றிய கருத்தரங்கு என்றால், மான்டிஸ் இறாலில் தொடங்குவதே வழக்கம். அதன் கண்ணில் 12 வகை நிற உணர்செல்கள் இருக்கின்றன, நமக்கோ மூன்றுதான். ஆனால் 2014இல் வெளியான சோதனையில், அருகருகே உள்ள நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிடப் பின்தங்கியே நின்றது. உணர்செல்களை எண்ணிப் பார்த்து வியப்பதில் நமக்கு அலாதிப் பிரியம். அவை அனுப்பும் சேதியை அடுத்த செல் என்ன செய்கிறது என்று கேட்பதில்தான் சுணக்கம்.

அதனால் இன்று நான் கொட்டலசிடம் போகிறேன். படகின் அடியிலும் பாறையிலும் சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக் கிடக்குமே, அதுதான். சுரண்டுகிறவருக்கு அது தொல்லை. டார்வினுக்கு 1846 முதல் 1854 வரை எட்டாண்டு உழைப்பு. இளம்பருவத்தில் நீந்தித் திரியும்போது இதற்குக் கூட்டுக்கண்கள் உண்டு. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் அவற்றை இழந்துவிடுகிறது. மிஞ்சுவன சில எளிய கண்கள். உருவம் எதுவும் அவற்றில் தெரியாது. ஆனாலும் மேலே ஒரு நிழல் கடந்தால் போதும், இரை தேடும் கால்களை உள்ளிழுத்து ஓட்டை மூடிக்கொள்ளும்.

அது எப்படி நடக்கிறது? ஒளி பட்டால் நம் விழித்திரையின் ஒளியுணர் செல்லில் உட்புற மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாகும். கொட்டலசில் நேர் எதிர்: அது நேர்மறைப் பக்கம் உயரும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ராட்சதக் கொட்டலசில் இந்தச் செல்லின் இழை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். அவ்வளவு தொலைவையும் நரம்புத் துடிப்பு எதுவும் இல்லாமல், கூடிக் குறையும் மின்னழுத்தமாகவே சைகை கடக்கிறது. வழியில் தேய்கிறது, ஆனால் இழையின் சவ்வில் கசிவு குறைவு என்பதால் மறுமுனையை எட்டிவிடுகிறது.

மறுமுனையில் வெளிப்படுவது ஹிஸ்டமின். ஆம், மூக்கொழுகும்போது மாத்திரை போட்டு நாம் அடக்கப் பார்க்கிறோமே, அதே ஹிஸ்டமின்! இங்கே அதன் வேலை அடுத்த செல்லை அமுக்கி வைப்பது. வெளிச்சம் இருக்கும்வரை அந்தச் செல் அடங்கியே இருக்கும். நிழல் விழுந்ததும் ஹிஸ்டமின் வரத்து நிற்கிறது, அமுங்கிக் கிடந்த செல் சட்டென எழுகிறது, அதற்கடுத்த செல்லில்தான் துடிப்புகள் வெடிக்கின்றன, தசை சுருங்குகிறது. நிலையான வெளிச்சத்துக்கு இந்த இணைப்பு பழகிவிடுவதால், திடீர் மாற்றமே பெரிதாகக் கடந்து செல்கிறது. ஆன் ஸ்டூவர்ட்டும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பிரித்தறிந்த சங்கதி இது.

ஒளி பட்டது, சைகை பிறந்தது, மூளைக்குப் போனது என்றே வகுப்பில் சொல்லித் தருகிறோம். நானும் அப்படித்தான் பல ஆண்டு சொன்னேன். நிழலை வெறும் இன்மையாகக் கருதும் பாடம் அது. கொட்டலசின் நரம்புக்கோ நிழல்தான் செய்தி.

நிழலைச் செய்தியாக்குவது கொட்டலசு மட்டுமல்ல. நன்னீர்ச் சிங்கி இறாலான கிரேஃபிஷின் பார்வை நரம்பில் வெளிச்சம் நீடிக்கும்வரை துடிக்கும் இழைகளும் உண்டு, மங்கினால் துடிக்கும் இழைகளும் உண்டு. இரண்டு சேதிக்கும் தனித்தனித் தடம்.

ஓர் எச்சரிக்கை. ஹார்ட்லைனுக்கு 1967இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த குதிரைலாட நண்டு, பெயரில்தான் நண்டு. உறவில் சிலந்திக்கு நெருக்கம். அருகருகே உள்ள கண்ணலகுகள் ஒன்றையொன்று அடக்கி விளிம்பைத் துலக்கமாக்கும் என்பதைக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. ஆகவே நம் அரங்குக்கு அது விருந்தாளியாக வரட்டும். நம் வீட்டுப் பிள்ளை என்று கட்டுரைகளில் எழுதிவிடாதீர்கள்.

முதல் அமர்வு அர்ஜென்டினாவின் சேற்றுக்கரை நண்டான நியோஹெலிஸைப் பற்றியது. பெரிதாகிக்கொண்டே நெருங்கும் உருவத்தைக் கண்டு அது ஓடுவதில் பங்கேற்கும் ராட்சத நரம்புச் செல்கள், திரும்பத் திரும்ப வந்தும் தீங்கு செய்யாத நிழலை மறுநாள்வரை நினைவில் வைத்திருக்கின்றன. புவனோஸ் ஐரிஸில் டானியல் டோம்சிக் குழுவினர் கண்டது இது. கொட்டலசில் இல்லாத சிக்கல்கள் அங்கே நிறைய.

வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்து அமருங்கள். படங்கள் காட்டுவதற்காக விளக்குகளை அணைக்கப் போகிறார்கள்.