நாலு அங்குலம்



கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் அறிஞர்கள் பலர் பேசிய இந்தத் தொடரில், இன்று ஒரு பேஸ் கிற்றார்காரன் ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறேன். என்னை அழைத்த நண்பரிடம், "எனக்கு இலக்கியம் பேசத் தெரியாதே" என்றேன். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ, அது போதும்" என்றார். நடந்ததையே சொல்கிறேன்.

மேடையில் பாடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்குப் பின்னால், ட்ரம்ஸ் வாசிப்பவருக்குப் பக்கத்தில், நாலே நாலு தடித்த தந்திகள் உள்ள நீண்ட கிற்றாரோடு ஒருவர் நிற்பார். அவர்தான் நான். பேஸ் கிற்றாரின் ஒலி வீட்டு அத்திவாரம் போன்றது. இருக்கும்போது எவரும் கவனிப்பதில்லை. இல்லாதுபோனால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசைப் பாடல்களை இலங்கை வானொலி வீடு வீடாகக் கொண்டு சென்றது. கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் மெல்லிசைக் குழுக்கள் களைகட்டின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது. கொழும்பில் ஒருவர் வாசித்துக் கைவிட்ட பேஸ் கிற்றாரை, அப்பாவின் சைக்கிள் விற்ற காசையும் சேர்த்து வாங்கினேன். அதன் தந்தி நீளம் 34 அங்குலம். பாரம் ஏறத்தாழ 10 இறாத்தல். அதைத் தோளில் தொங்கவிட்டபடியே எனக்கு நரைத்தது.

வலி முதலில் வந்தது மேடையில் அல்ல, குசினியில். ஜாம் போத்தலின் மூடியைத் திருகினேன். இடக்கைப் பெருவிரலின் அடியில் ஊசி ஏறியது போலிருந்தது. சில மாதங்களில் விரல்களின் நுனி மூட்டுகள் புடைத்தன. வீணையில் மெட்டு என்கிறோமே, கிற்றாரின் கழுத்திலும் அப்படி உலோக மெட்டுகள் பதித்திருக்கும். முதல் மெட்டில் சுட்டுவிரலையும் நாலாம் மெட்டில் சின்ன விரலையும் வைப்பது ஒருகாலத்தில் எனக்கு மூச்சு விடுவது போன்ற காரியம். இப்போது அந்த இடம் வருமுன்னே மனம் கூசியது.

வைத்தியர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது தேய்வினால் வரும் மூட்டுவாதம் என்றார். எலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. விரல் நுனியில் நாம் கொடுக்கும் சிறு விசைகூடப் பெருவிரலின் அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. "ஐயா, இதைப் பூரணமாக மாற்ற ஏலாது. ஆனால் மூட்டுக்குக் குடுக்கிற பாரத்தைக் குறைக்கலாம்" என்றார் அவர். நான் கேட்டுக்கொண்டது முதல் வசனத்தை மட்டும்தான். இரண்டாவது வசனம் என் காதில் விழ ஒரு வருடம் எடுத்தது.

2023 ஆம் ஆண்டு கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். நண்பர்களிடம் நேரமில்லை என்றேன். ஓய்வூதியக்காரனுக்கு நேரமில்லை என்பதை அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆயினும் துருவிக் கேட்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஒரு கலியாண மண்டபத்தில் எங்கள் குழு வாசித்தது. கீபோர்ட் வாசித்த தம்பி தன் இடக்கையால் பேஸையும் சேர்த்து வாசித்தார். பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். என் இடக்கை விரல்கள் முழங்காலில் தாமாகவே நகர்ந்துகொண்டிருந்தன. மனைவி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தன் கையை என் கைமேல் வைத்தாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2024 பெப்ரவரியில் ஒரு செய்தி வாசித்தேன். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961 இல் ஹாம்பேர்க் நகரில் வாங்கிய பேஸ் கிற்றார், 1972 இல் களவுபோய், அரை நூற்றாண்டின் பின் அவரிடம் திரும்பியிருக்கிறது. வயலின் வடிவான ஹொஃப்னர் கிற்றார் அது. படத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் செய்தியைப் பற்றிக் குழுவில் இருந்த இளைஞர் ஒருவருடன் கதைத்தபோது, அவர் போகிற போக்கில், "அது சின்னப் பேஸ் எல்லே அண்ணை, 30 அங்குலம்தானே" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். இளமையில் நான் றேடியோவுக்குக் காது கொடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, 34 அங்குலக் கிற்றாரில் விரல் நோகப் பிரதி பண்ணிய ஆரம்பகால பீட்டில்ஸ் பாடல்களின் பேஸ் ஒலி ஒரு சின்னக் கிற்றாரிலிருந்தா வந்தது!

அதன் பின்னர்தான் 34 என்ற இலக்கத்தின் கதையைத் தேடினேன். அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951 இல் விற்பனைக்கு விட்ட பேஸ் கிற்றாருக்கு வைத்த நீளம் அது. அவர் தேர்ந்த கைவினைஞர், ஆனால் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். அந்தக் கருவி பரவியது. அதன் அளவே முழு அளவு என்றாயிற்று. அதே ஃபெண்டர் நிறுவனம் 1966 இல் 30 அங்குலத்தில் மஸ்ராங் என்ற பேஸையும் வெளியிட்டது. இன்னொரு வேடிக்கை: வாத்தியக் குழுக்களில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபிள் பேஸ்களில் பெரும்பாலானவை உண்மையில் முக்கால் அளவுக் கருவிகள். முக்கால்தான் அங்கே வழமை. பியானோ மேதை ஜோசப் ஹொஃப்மனின் கைகள் சிறியவை என்பதற்காக, ஸ்டெயின்வே நிறுவனம் சற்று ஒடுங்கிய கட்டைகள் வைத்துப் பியானோ செய்து கொடுத்தது. அவரை யாரும் முக்கால் பியானோக்காரர் என்று சொல்லவில்லை.

இவ்வளவும் அறிந்த பிறகும் மானம் விடவில்லை. கொழும்பில் ஒரு கடைக்குப் போய் 30 அங்குலப் பேஸ் ஒன்றைக் காட்டச் சொன்னேன். கடைக்காரப் பையன், "பேரப்பிள்ளைக்கா ஐயா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அந்தப் பொய்யோடுதான் கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த நாலு அங்குலம் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். முதல் மெட்டிலிருந்து நாலாம் மெட்டு வரையான தூரம் நீளக் கிற்றாரில் 5.1 அங்குலம், சின்னதில் 4.5 அங்குலம். கால் அங்குலம் விரித்தாலே நோகும் கைக்கு இது பெரிய சலுகை. அடுத்தது இழுவிசை. ஒரே தந்தியை ஒரே சுருதியில் நிறுத்தினால் அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். 34 ஐ 30 ஆக்கும்போது ஏறத்தாழ 22 சதவீதம் குறைகிறது. அதனால் விரல் அழுத்தமும் இளகுகிறது. கழுத்தின் நுனியும் உடம்புக்குக் கிட்ட வருவதால் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு எட்டத் தேவையில்லை. என்னுடையது பழையதைவிட இரண்டு இறாத்தல் பாரமும் குறைவு.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மிகத் தாழ்ந்த தந்தி கொஞ்சம் தளர்ந்து, கலங்கிய ஒலி தருகிறது. தடித்த தந்தி போட்டால் ஒலி தெளியும், ஆனால் குறைந்த இழுவிசை திரும்ப ஏறிவிடும். ஆகவே ஒலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துக் கைக்குச் சுகத்தை வாங்கினேன். வாசிக்கும் முறையையும் மாற்றினேன். டபிள் பேஸ்காரர் கீழ்நிலைகளில் சுட்டுவிரல், நடுவிரல், சின்ன விரல் மூன்றையும் கொண்டே சமாளிப்பார்கள். மோதிர விரல் சின்ன விரலுக்குத் துணை நிற்கும். விரலை விரிப்பதற்குப் பதிலாக முழுக் கையையும் நகர்த்துவார்கள். அதைப் பழகினேன். வலக்கையால் பலமாக மீட்டும் பழக்கத்தை விட்டு, மெல்லத் தொட்டுவிட்டு மிச்சத்தை ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசிப்பதில்லை.

மூட்டுவாதம் மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றும் காலையில் விரல்கள் விறைத்துத்தான் இருக்கும். வெந்நீரில் வைத்துத்தான் இளக்குகிறேன். நோயை வென்ற கதையென்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒத்திகைக்கு முதன்முதலாக அந்தக் கிற்றாரோடு போனேன். உறையைக் கழற்றியதும் எங்கள் ட்ரம்ஸ்காரர், ஐம்பது வருடச் சிநேகிதன், சிரித்துக்கொண்டு கேட்டான்:

"என்ன மச்சான், பேரன்ரை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியோ?"

கடையில் சொன்ன அதே பொய் நாக்கு நுனிக்கு வந்தது. "ஓம்" என்றால் அன்றைக்குத் தப்பியிருப்பேன். அடுத்த ஒத்திகைக்குத் திரும்ப வர முடியாமற் போயிருக்கும்.

"இல்லை மச்சான், இது என்ரை. கை ஏலாது. அதுதான் இவ்வளவு நாளும் வரேல்லை" என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வலது முழங்காற் சட்டையைச் சுருட்டிக் காட்டினான். வலிப்பட்டி சுற்றியிருந்தது. இரண்டு வருடமாகப் பெரிய ட்ரம்மைப் பாதி விசையில்தான் மிதிக்கிறானாம். அதை எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் அவனும் ஒரே நோயை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நேயர்களே, நமது சங்கீத வித்துவான்கள் வயதேறும்போது சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொண்டு பாடுவதைக் கேட்டிருக்கிறோம். சபையில் எவரும் அதைக் குறையென்று சொல்வதில்லை. தன் குரல் இன்று எங்கே நிற்கிறது என்பதை அறிந்து பாடும் அனுபவம் என்றே ரசிக்கிறோம். அந்த நியாயத்தை என் கைக்கு நான் கொடுக்காமல் ஒரு வருடத்தை வீணாக்கினேன். வைத்தியர் சொன்ன இரண்டாவது வசனத்தை அன்றே கேட்டிருக்கலாம்.

அன்று வாசித்த முதற் பாடல் எங்கள் பழைய பொப்பிசைப் பாட்டுத்தான். நடுவில் ஓரிடத்தில் நான் பிசகினேன். ட்ரம்ஸ்காரன் எனக்காக ஒரு தாளம் தாமதித்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த அடிக்குள் இறங்கினோம். பாடியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேஸ் சரியாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.