வழி தவறும் பிள்ளைகள்



பிள்ளை வழி தவறினால் "சேர்க்கை சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தண்டனை மட்டும் சிறுவரைத் திருத்தாது என்று கண்டு, இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம், ஆண்டு 1920.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் நோய் எனப் பல இடர்கள் ஒருங்கே சூழ்ந்த பிள்ளைகளுள் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ இடறினர். எஞ்சியோர் நன்கு வளர்ந்தனர். பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, தம்மைக் கைவிடாத மூத்தவர் ஒருவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தார்.

இடப்பள்ளியில் நமக்குக் குறைவது அதுவே. பாட்டியும் தாய்மாமனும் ஊரில் இருக்கிறார்கள். இங்கே தந்தைக்கு இரவுப் பணி. தாயும் வேலைக்குச் செல்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பாடம் பிடிபடாத பையன் முதலில் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். புகையும் களவும் பின்னால் வருபவை. பகல் பதினொரு மணிக்கு இரயில் மேடையில் சீருடையோடு அமர்ந்திருப்பவனை, "யார் வீட்டுப் பிள்ளையோ" என்று கடந்து போகிறோமே, அது தகுமா?

மலையாளம் அறிந்த நம் கல்லூரி மாணவ மாணவியர் மாலையில் ஒரு மணி நேரம் சங்கத்தில் பாடம் சொல்லித் தரலாம். ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளலாம். விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.