யார் தடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா?

(வேப்பம்பட்டில் சிறுதொழில் செய்வோர் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒன்று கேட்டார். "பெண்களையும் தலித்துகளையும் சிறுபான்மையினரையும் தொழில் செய்ய வேண்டாமென்று யார் தடுத்தார்கள்? கடன் இருக்கிறது, மானியம் இருக்கிறது. திறமை இருந்தால் வரட்டுமே!" அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

கடன் இருக்கிறது, மறுக்கவில்லை. 2016இல் வந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்கும், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம். திருமுல்லைவாயலில் பெண்களுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை. நம்ம ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் போய் இறங்கிவிடலாம்.

ஆனால் கடன் மனுவோடு போகிற பெண்ணிடம் என்ன கேட்கிறார்கள்? "வீட்டுக்காரர் ஜாமீன் போடுவாராம்மா?" சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. கேட்காமலா விடுகிறார்கள்? வைப்பதற்கு அவள் பேரில் என்ன இருக்கிறது? 1929இல், இந்தத் திருவள்ளூரும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருந்தோம். சரி, சட்டம் வந்துவிட்டது. பங்கு கேட்கிற பெண்ணை இன்றைக்கும் என்ன சொல்கிறோம்? "கூடப் பிறந்தவனையே கோர்ட்டுக்கு இழுக்கிறாள்" என்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். அவளிடம் போய் அடமானம் கேட்கிறது வங்கி!

திறமை என்றாரே நண்பர், அதற்கு வருகிறேன். காக்களூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தங்கையை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு வருகிற ஆர்டர் கெடும். தானே மெஷினில் நின்று பீஸ் ஓட்டுவார், வெர்னியரில் அளந்து பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் டிரேயில் வைப்பார். கம்பெனியிலிருந்து வருகிற பர்ச்சேஸ் ஆள், கையில் கிரீஸோடு நிற்கும் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறான்: "சார் இல்லையா?" பல மாதம் பார்த்தார். கடைசியில் ஒரு மேசை போட்டு, கொழுந்தனாரை அதில் உட்கார வைத்தார். கொழுந்தனாருக்கு டிராயிங் பார்க்கத் தெரியாது. ஆர்டர் வர ஆரம்பித்தது! ஐயா, இதில் திறமை எந்தப் பக்கம் இருந்தது? ஜெயித்தது எது?

சாதியும் மதமும் சேர்ந்துவிட்டால் இன்னும் கொடுமை. கடைக்கு இடம் கேட்டுப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால் "நீங்க எந்த ஆளுங்க?" என்று வருகிறது. காலனி என்று தெரிந்தால் இடம் இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஊரே பள்ளிக்கு முன்னால் திரண்டது. அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அது ரத்தானது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கே இந்தக் கதி என்றால், நகையை வைத்து மெஸ் போடுகிற பெண் எந்தத் தைரியத்தில் தன் பெயரைப் பலகையில் எழுதுவாள்? ஒரு சாமி பெயரை எழுதிவிட்டு, யாரும் விசாரிக்கக் கூடாதே என்று நடுங்குகிறாள். இஸ்லாமியத் தோழர்களும் பொதுப்படையாக ஒரு பெயர் தேடுகிறார்கள்.

2024இல் உத்தரப் பிரதேசத்தில், கன்வர் யாத்திரை போகிற வழியில் கடைக்காரர்கள் தங்கள் பெயரை எழுதி மாட்ட வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தடுத்தது. நாமும் கண்டித்தோம், சரிதான். ஆனால் பெயரை வெளியே சொன்னால் வியாபாரம் போய்விடுமென்ற பயத்தில் இங்கே ஒருவர் ஒளிகிறாரே, அதற்கு எந்த அரசு உத்தரவு போட்டது? நாம் போட்டோம். தெரு போட்டது, சொந்தபந்தம் போட்டது. இன்னார் கையால் வாங்காதே என்பதுதானே அங்கேயும் இங்கேயும் நடப்பது?

இந்தக் கூட்டத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறீர்கள். வாடகையைக் கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். கம்பெனிகளில் பர்ச்சேஸ் பார்க்கும் தம்பிகளே, பட்டறைக்குப் போனால் டிராயிங்கை அந்தப் பெண் கையில் கொடுத்து ரேட் பேசுங்கள். தங்கச்சியை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூட்டிப் போக நாள் பார்த்து வைத்திருக்கும் அண்ணன் இங்கே யாராவது இருந்தால், அந்தப் பத்திரத்தை இன்றைக்கு ராத்திரியே கிழித்துப் போடுங்கள்!