சிறு தொழிலில் ஆள் சேர்ப்பதும் ஆளை வைத்துக்கொள்வதும்

(சிறு தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்காகக் கூட்டப்பட்ட கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு தலைமுறைக்கு முன்பு நம் குடும்பங்களில் உத்தியோகம் என்றால் சர்க்கார், ரயில்வே, பாங்க் இவைதான். நமக்குச் சம்பளம் வாங்கத் தெரியும், கொடுத்துப் பழக்கமில்லை. இன்று நம் பிள்ளைகளும், அறுபதைத் தாண்டிய மாமிகளும்கூட, கேட்டரிங், அப்பளம், ஊறுகாய், டியூஷன் சென்டர், ஆடிட் ஆபீஸ் என்று தொழில் நடத்துகிறார்கள். மிகவும் சந்தோஷம். பாங்க் கடன், ஜி.எஸ்.டி. இவற்றைப் பற்றியெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். ஆனால் ஆள் வைப்பதை மட்டும், "தெரிஞ்சவா யாராவது இருந்தா சொல்லுங்கோ" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

முதலில், ஆளைத் தேடுவதற்கு முன் வேலையை எழுதுங்கள். "சமையலுக்கு ஒருத்தர்" என்றால் போதாது. காலை எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை பேருக்குச் சமையல், காய் நறுக்குவது யார், பாத்திரம் தேய்ப்பது யார், வார விடுமுறை எந்த நாள்? இதை ஒரு தாளில் எழுதினால், தேவைப்படுவது முழுநேர ஆளா, காலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவரா என்பது நமக்கே விளங்கும்.

இரண்டாவது, உறவினர்கள். "அக்கா பிள்ளை சும்மாத்தான் இருக்கான், உன் கடையில போட்டுக்கோ" என்பார்கள். போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அவனுக்கும் அதே நேரம், அதே சம்பள விகிதம், அதே லீவு. கடைக்குள் அவனுக்கு நீங்கள் மாமா இல்லை. மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் சலுகை என்று தெரிந்தால், நன்றாக வேலை செய்பவர்தான் முதலில் விட்டுப் போவார். யாராக இருந்தாலும் ஒரு நாள் வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். ஆதாரின் நகல் போதும். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

மூன்றாவது, எழுத்து. சர்க்காரில் கோப்பு பார்த்தவன் வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் சட்டமே இப்போது அதைத்தான் சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று, 29 பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றின்படி தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். பதவி, சம்பளம், வேலை நேரம், சேர்ந்த தேதி, விலகுவதற்கான நோட்டீஸ் காலம் இவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புனேயில் இருந்தால் மராத்தியிலும், தில்லியில் இருந்தால் ஹிந்தியிலும் எழுதலாம்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாகவேண்டும். வேலையை விட்டுப் போனாலோ, நீங்களே நீக்கினாலோ, இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்கவேண்டும். முன்பணம் கொடுத்திருந்தாலும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம், தொழிலுக்குத் தொழில் மாறும்; அவ்வப்போது உயரவும் செய்யும். ஆகவே சென்னையில் அண்ணா கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டு மும்பையில் நிர்ணயிக்காதீர்கள். அவரவர் மாநிலத் தொழிலாளர் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

நான்காவது, இ.எஸ்.ஐ., பி.எஃப். பொதுவாகப் பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். இதனாலேயே ஒன்பதாவது ஆளோடு பெயர்களை நிறுத்திவிட்டு, மற்றவர்களை ரிஜிஸ்டரில் எழுதாமல் வைப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கேட்டரிங்காரர் அப்படித்தான் செய்தார். வேலை செய்தது பன்னிரண்டு பேர், கணக்கில் எட்டு பேர். கல்யாண சீசனில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, உதவி சமையற்காரர் ஒருவருக்கு இரண்டு கால்களும் வெந்துபோயின. தனியார் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை முதலாளி கொடுத்தார். மீதிக்கு அந்த மனிதரின் மனைவி தாலிக்கொடியை அடகு வைத்தாள். நான்கு மாதம் அந்த வீட்டில் வருமானமே இல்லை.

இ.எஸ்.ஐ. இருந்திருந்தால்? 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டியது மாதம் 520 ரூபாய், தொழிலாளி 120 ரூபாய். இதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். வேலையில் அடிபட்டுப் படுத்தால், குணமாகும் வரை ஏறக்குறைய 90 சதவீதக் கூலி. மாதம் 520 ரூபாயை மிச்சப்படுத்தத்தான் ஒரு குடும்பம் இந்தப் பாடு பட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், பெரும்பாலான தொழிலாளர்கள் சம்மதித்தால், தாமாகவே சேரச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பணிக்கொடையும் பத்துப் பேர் இருந்தால் கட்டாயம். பொதுவாக ஐந்து வருஷ சேவை வேண்டும். கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை வருஷங்களால் பெருக்குங்கள். 18,000 ரூபாய் வாங்கியவர் எட்டு வருஷம் இருந்தால் சுமார் 83,077 ரூபாய். இதை ஒரே நாளில் கொடுப்பது சிரமம். வருஷா வருஷம் பதினைந்து நாள் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவந்தால் பாரம் தெரியாது. சம்பளம் உயர்ந்தால் வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தினசரி நடத்துவது. பாராட்டை நாலு பேர் முன்னிலையில் சொல்லுங்கள், குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் ரசாயனம் படித்தவன். டைட்ரேஷன் செய்யும்போது முடிவு நெருங்கினால் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவோம். ஒரு சொட்டு அதிகமானால் நிறம் மாறிவிடும். திரும்ப எடுக்க முடியாது. கோபத்தில் சொல்லும் வார்த்தையும் அப்படித்தான். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர் பசியோடு வீட்டுக்குப் போகக்கூடாது. நமக்குத் தீபாவளி போல அவருக்கு சட் பூஜையோ, ஈத் பண்டிகையோ, கிறிஸ்துமஸோ இருக்கும். வருஷ ஆரம்பத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால் கடைசி நேர மனஸ்தாபம் வராது.

இங்கே தொழில் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று இரவு ஒரு நோட்டில் உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயர், சேர்ந்த தேதி, சம்பளம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய வீட்டு நம்பர் இவற்றை எழுதுங்கள். எழுத முடியாமல் எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, நாளைக் காலை அங்கிருந்து சரிசெய்யத் தொடங்குங்கள்.